ஆனந்தபாய் தன் மைக்கைத் தானே ஏலம் கேட்டது

ரெத்தினதாஸ் இறந்த அன்று விடிந்ததும் அவருடைய தம்பி ராஜையா செய்யப் பார்த்த முதல் காரியம், பூவாற்றிலிருந்து ஒரு மைக்செட்காரரைக் கூட்டிவர ஆள் அனுப்புவது. அமரவிளை சுற்றுவட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் அதை ஊருக்குச் சொல்வது ரெத்தினதாஸின் ஜீப்பு. அந்த ஜீப்பின் முன்சீட்டில் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசுவது அவர் மனைவி ஆனந்தபாய். இப்போது ஜீப்புக்காரர் கட்டிலில் கிடந்தார். பேசுகிறவள் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். அப்படியானால் வெளியாள்தானே வரவேண்டும்? ராஜையா நினைத்ததில் குற்றம் ஒன்றும் இல்லை, ஆனந்தபாயைக் கேட்கவில்லை என்பதைத் தவிர.

அவள் எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

“ஆரையும் விளிக்கண்டாம். நான் சொல்லுதேன்.”

“மைனி, ஆளுவ கேட்டா என்ன நெனைப்பாவ? கெட்டினவன் செத்துக் கெடக்கியான், இவ மைக்கும் தூக்கீட்டு எறங்கீட்டாண்ணு பறையமாட்டாவளா?”

“ஊரில உள்ளவன் செத்தா சொல்லதுக்கு நான் வேணும். எனக்க மாப்பிளை செத்தா சொல்லதுக்குப் பூவாற்றுக்காரனா? நல்லா இருக்கு உனக்க நியாயம்.”

பக்கத்து வீட்டுப் பொன்னப்பன் ஜீப்பை எடுத்தார். அவள் எப்போதும்போல முதலில் மலையாளத்தில் சொன்னாள், பிறகு தமிழில். யாருடைய மகன், யாருடைய சகோதரன் என்று சொல்லிக்கொண்டே வரும்போது “ஆனந்தபாயின் கணவர்” என்று வந்தது. அதையும் மற்றப் பெயர்களைப் போலவே, அழுத்தமும் இல்லாமல் இடறலும் இல்லாமல் சொன்னாள். அடக்க ஆராதனையின் நேரத்தை இரண்டு தடவை சொன்னாள். ஆட்கள் கடைகளிலிருந்து இறங்கி ரோட்டோரம் நின்றார்கள். குரலைக் கேட்டு அல்ல, அந்தக் குரல் அந்தச் செய்தியைச் சொன்னதைக் கேட்டு. வீட்டுக்குத் திரும்பி வந்து மைக்கைத் துணியில் பொதிந்து வைத்த பிறகுதான் அழுதாள். அதற்கு முன்னால் அவளுக்கு நேரம் இருக்கவில்லை.

இது தொண்ணூற்றெட்டில். அந்த வருடம் முழுக்க அமரவிளையில் இதுதான் பேச்சு. பாதிப் பேர் மெச்சினார்கள், பாதிப் பேர் மூக்கில் விரலை வைத்தார்கள். ஆனந்தபாய்க்கு இரண்டும் பழக்கமானவை. கல்யாணமான புதிதில், ரெத்தினதாஸுக்காக அறிவிப்பு செய்துகொண்டிருந்த ஒரு வாத்தியார் சபைக் கன்வென்ஷனுக்கு முந்தின நாள் சாராயம் குடித்துவிட்டுக் கவிழ்ந்து கிடந்தார். நோட்டீசை வாங்கி, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இவள் ஜீப்பில் ஏறினாள். பெண்ணொருத்தி ஊர் ஊராகக் கத்திக்கொண்டு போவதா என்று சபைக் கமிட்டி கூடிப் பேசியது. கூட்டத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் அவள் குரலைக் கேட்டு வந்தவர்கள் என்று தெரிந்ததும் கமிட்டி வேறு விஷயத்துக்குப் போய்விட்டது. அதன் பிறகு கோயில் உற்சவமா, கட்சிக் கூட்டமா, பள்ளிவாசல் விருந்தா, காணாமல் போன பசுவா, எல்லாம் அவள் வாயால்தான் ஊருக்குத் தெரிந்தன.

அந்த மைக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொல்லத்தில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியை மூடியபோது அங்கே இருந்த சாமான்களை ஏலம் போட்டார்கள். மேசை நாற்காலி வாங்கப் போன ரெத்தினதாஸ் மைக்கோடு திரும்பி வந்தார். உருக்கில் வார்த்தது. முன்பக்கத்தில் மீன் செவுள் மாதிரி வரிவரியாகக் கம்பிகள். கையில் எடுத்தால் கைக்குழந்தையின் கனம். அதில் பேசினால் குரல் கீச்சென்று போகாது. நாலு வயல் தாண்டியும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்கும். புதிதாக எத்தனையோ மைக்குகள் வந்தன. ஆனந்தபாய் எதையும் வாயருகே கொண்டுபோகவில்லை.

வருடத்துக்கு ஒரு தடவை அந்த மைக்கு சபைக்கும் போகும். அறுப்பின் பண்டிகைக்கு ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் விளைநிலத்தில் முதலில் விளைந்ததைக் கொண்டுவந்து படைப்பார்கள். வாழைக்குலை, சேனை, பலாப்பழம், பெட்டைக்கோழி. ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் மேசைமேல் ஏற்றி ஏலம் விடுவார்கள். ஏலம் கூவி விளிப்பது ஆனந்தபாய். அந்த ஏலத்துக்கு இரண்டு முறைகள் உண்டு. மேசைமேல் ஏறின பொருளைக் கொண்டுவந்தவர் திருப்பி எடுக்கக்கூடாது. ஆனால் அவரும் ஏலம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். கொண்டுவந்தவரே கேட்காவிட்டால், அவருக்கே வேண்டாத சாமானைத்தான் ஆண்டவருக்குக் கொண்டுவந்தாரா என்று சபையே சிரிக்கும். ஆகவே தன் வீட்டுச் சேனையைத் தானே கேட்டு, பக்கத்து பெஞ்சுக்காரர் வேண்டுமென்றே கூட்டிக் கேட்க, இரண்டு பேரும் விடாப்பிடியாக நின்று, கடைசியில் ஒரு ஆட்டின் விலை கொடுத்து அந்தச் சேனையை வீட்டுக்கே சுமந்துகொண்டு போவார்கள். அதில் ஒரு பெருமை.

ரெத்தினதாஸ் போன மறு வருடம் ராஜையாவின் மகன் சானு ஒரு புதிய வித்தையோடு ஊருக்கு வந்தான். திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் வேலை. அமெரிக்காவில் ஒரு ஏலக் கம்பெனி, ஆனால் கட்டடம் கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டரில். படத்தை எடுத்துப் போட்டால் உலகத்தில் யாரும் கேட்கலாம். ராஜையா தன் பழைய வீட்டை இடித்து டெரஸ் வீடு கட்ட ஏற்பாடு செய்துகொண்டிருந்தார், மச்சில் கிடந்ததையெல்லாம் இறக்க வேண்டியிருந்தது. தாத்தாவின் சங்கிலிக் கடிகாரம் டெக்சாஸுக்குப் போயிற்று. பித்தளை வெற்றிலைப்பெட்டி கனடாவுக்குப் போயிற்று. பார்சல் போகப் போக ஊரில் எல்லோருக்கும் தங்கள் வீட்டு மச்சில் என்ன கிடக்கிறது என்ற நினைப்பு வந்துவிட்டது.

“மக்கா, எனக்க வீட்டில ஒரு அம்மிக்கல்லு உண்டு. அமெரிக்காக்காரன் எடுப்பானா?” என்று பொன்னப்பன் கேட்டார்.

“எடுப்பான் மாமா. சொமந்து கொண்டு போறதுக்கு உங்களையும் சேத்து எடுப்பான்,” என்றான் சானு.

ஒரு சனிக்கிழமை அவன் ஆனந்தபாயின் வீட்டுக்கு வந்தான். மைக்கைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். “பெரியம்ம, இதுக்க ஒரு போட்டோ எடுக்கணும். இங்க வெளிச்சம் காணாது. கொண்டு போயிட்டுத் தாறேன்,” என்றான். கணவர் வாங்கின சாமானை ஒரு பிள்ளை ஆசைப்பட்டுப் படம் எடுக்கிறானே என்று அவளுக்குச் சந்தோஷம். சாயா போட்டுக் கொடுத்து, மைக்கைத் துணியில் பொதிந்தும் கொடுத்தாள்.

மைக்கு திரும்பி வரவில்லை. அடுத்த வாரம் போலியோ சொட்டு மருந்து முகாமை அறிவிக்கப் பஞ்சாயத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். யாரிடமோ ஒரு பிளாஸ்டிக் மைக்கை இரவல் வாங்கிக்கொண்டு புறப்பட்டாள். காரோடு ஊர் வரை அது பன்றிக்குட்டி மாதிரி வீறிட்டுக்கொண்டே வந்தது.

“அக்கா, மருந்து குடுக்கதுக்கு மின்னேயே பிள்ளைய எல்லாம் அழுது கரையுது,” என்றார் பொன்னப்பன்.

அவள் சிரிக்கவில்லை. வண்டியை நேரே ராஜையாவின் வீட்டுக்கு விடச் சொன்னாள்.

ராஜையா தாலுகா ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் மெதுவாக, தயவாகச் சொல்வார். “மைனி, அது ஏலத்தில கெடக்கு. சானு போட்டிருக்கியான். நல்ல வெலைக்குக் கேக்கியாவளாம். ரூபா கிட்டினா அப்பிடியே உங்க பேரில பாங்கில போடுவேன். எனக்கு ஒரு பைசா வேண்டாம்.”

“ஆரைக் கேட்டுப் போட்டிய?”

“அண்ணனுக்க சாமானு...”

“அண்ணனுக்க பெஞ்சாதி இன்னும் சாகல்ல.”

ராஜையா அத்தனை நாளும் மனதில் கிடந்ததைச் சொன்னார். “போதும் மைனி. அண்ணன் இருந்தப்போ ஒரு மரியாதை உண்டு. இப்போ ஒரு விதவை, பொன்னப்பனுக்க கூட ஜீப்பில ஏறி ஊரெல்லாம் விளிச்சுட்டு நடக்குது. கேக்கதுக்கு நல்லாவா இருக்கு? அந்த மைக்கு போனா நீங்களும் வீட்டில இருப்பியண்ணு நெனச்சேன். உங்க நல்லதுக்காக்கும்.”

பாங்கில் போடும் பணம் அல்ல விஷயம் என்று அவளுக்கு அப்போது விளங்கியது. விற்கப் போட்டிருந்தது மைக்கை அல்ல, அவள் பேச்சை.

“எனக்க மைக்கைத் தா.”

“சானுக்க கையில இருக்கு, திருவனந்தபுரத்தில. பின்னே, ஏலத்தில ஏறின பொருளை எப்பிடித் திருப்பி எடுக்கது? கேட்டவங்களுக்கு என்ன பதில் சொல்லது? உங்களுக்குத் தெரியாததா? நீங்களே ஏலம் விளிக்கியவல்லா.”

எத்தனை வருடம், மேசையில் வைத்த குலையைத் திரும்பக் கேட்டவர்களை இதே சொல்லைச் சொல்லி உட்கார வைத்திருக்கிறாள்! வாசலில் நின்று யோசித்தாள். பிறகு செருப்பை மாட்டினாள்.

“செரி. ஏலமெண்ணா ஏலம்.”

ராஜையா அதை ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்.

நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பின்சி ஒரு எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தாள். கணவன் சவுதியில். அவன் அனுப்பியதில் ஒரு கம்ப்யூட்டரும் வாங்கி, மற்றவர்களின் வீட்டுக்காரர்களுக்கும் மெயில் அனுப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆனந்தபாய் வந்து விஷயத்தைச் சொன்னதும், தேடிப் பிடித்துக் காட்டினாள். படம் மேலிருந்து கீழாக, கோடு கோடாக, சாவகாசமாக இறங்கியது. முதலில் செவுள்கம்பிகள், பிறகு கழுத்து, பிறகு அவள் கை பட்டுப் பட்டுத் தேய்ந்த அடிப்பாகம்.

“கீழ என்ன எழுதியிருக்கியான்?”

“பழைய இந்தியா மைக்கு, கனமுள்ளது...” பின்சி கொஞ்சம் நிறுத்தினாள். “வேலை செய்யாது, அலமாரியில வைக்கதுக்கு அழகு, அப்பிடி எழுதியிருக்கு மாமி.”

ஆனந்தபாய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“இதுவரை ஆரு கேட்டிருக்கு?”

“ஓஹியோவில ஒருத்தன்.”

“அவனுக்க மேல கூட்டிப் போடு. எனக்க பேரில.”

“மாமி, சொந்தச் சாமானை சொந்தக்காரங்களே கேக்கப்பிடாதுண்ணு கம்பெனி சட்டம் எழுதியிருக்கு.”

“இது என்ன மானங்கெட்ட சட்டம்? எங்க சபையில சொந்தக்காரன் கேக்கலேண்ணாத்தான் கொறச்சலு. பின்னே, விக்கது சானு, கேக்கது நான். நீ போடு பிள்ளே.”

“இது டாலராக்கும்.”

“டாலரோ பழைய சக்கரக் காசோ, போடு.”

பின்சிக்கும் அந்தச் சாயங்காலம் வேறு வேலை இருக்கவில்லை. போட்டாள். மறுநாள் போய்ப் பார்த்தபோது ஓஹியோக்காரன் கூட்டிக் கேட்டிருந்தான். ஆனந்தபாய் அவனுக்கு மேல் கூட்டினாள். அவன் இரவில் கூட்டினான், இவள் பகலில் கூட்டினாள். அவனுடைய முகத்தை அவள் பார்த்ததில்லை. ஆனால் எதிர் பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்து, வேண்டுமென்றே வம்புக்குக் கேட்கும் ஒரு ஆளை அவளுக்கு நன்றாகத் தெரியும். அப்படிப்பட்ட ஆட்களுக்கு முன்னால் கொஞ்சமும் தயங்கக்கூடாது. கேட்கிற வேகத்திலேயே அவன் சோர வேண்டும்.

“விடாத பிள்ளே. அவனுக்கு இது அலமாரிக்கு. எனக்கு வேலைக்கு,” என்பாள். பூத்துக்கு போன் செய்ய வந்தவர்கள் எல்லாம் ஏலம் எதுவரை வந்தது என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ராஜையா நாலுபேரைச் சுற்றி நிறுத்திக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தார். “எங்க அண்ணனுக்க மைக்கை ரெண்டு வெள்ளைக்காரமாரு மல்லுக்கெட்டிக் கேக்கியாவ. ஒருத்தன் விட்டா மற்றவன் விடமாட்டேங்கியான். எவனோ பெரிய பணக்காரனாக்கும்.” ஆனந்தபாய் பக்கத்தில் நின்றே கேட்டாள். பைபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

திங்கட்கிழமை காலை ஏலம் முடிகிற நேரம். கம்ப்யூட்டருக்கு முன்னால் அவளும் பின்சியும். கடைசியாகக் கேட்டது அவள். ஓஹியோ அசையவில்லை. பின்சி ஒரு பொத்தானை அமுக்கினாள், பக்கம் மெல்ல மெல்ல வந்தது.

“முடிஞ்சு மாமி. உங்களுக்காக்கும்!”

“எப்பிடி முடிஞ்சு? மூணுதரம் விளிக்கண்டாமா?”

“விளிக்கதில்ல மாமி. மணி ஆனா முடிஞ்சு.”

“ஆளு விளிக்காம அது என்ன ஏலம்?” என்று அவள் எழுந்தாள். கண்ணாடி அறைக்குள் ஒருவர் துபாய்க்குப் பேசிக்கொண்டிருந்தார். அதையும் பார்க்காமல், சபையில் விளிக்கிற அதே குரலில், “ஒருதரம்... ரெண்டுதரம்...” என்று விளித்து, கேட்க வேறு யாராவது உண்டா என்று சுற்றும் பார்த்து, “மூணுதரம்!” என்று மேசையில் அடித்தாள். அறைக்குள் இருந்தவர் ரிசீவரைக் காதில் வைத்தபடியே கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

ஏலம் முடிந்த பிறகுதான் கேட்டவரின் சொந்தப் பெயரைக் கம்பெனி சொல்லும்; அன்றே சானுவுக்குத் தகவல் போயிற்று. பொருளை எடுத்தவர் பெயர் ஆனந்தபாய், ஊர் அமரவிளை. சனிக்கிழமை மத்தியானம் மைக்கைப் பைக்குள் வைத்துக்கொண்டு அவன் வந்தான், பின்னாலேயே ராஜையாவும் வந்தார். ஆனந்தபாய் மறுநாளைய இரண்டாம் தவணைச் சொட்டு மருந்து முகாமுக்காக ஜீப்பில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டிருந்தாள். பொன்னப்பன் கயிற்றைப் பிடித்திருந்தார்.

“பெரியம்ம, இது வெளையாட்டுக் களியில்ல,” என்றான் சானு. “கம்பெனிக்காரன் அறிஞ்சா எனக்க பேரை வெட்டுவான். எடுத்ததும் இந்தியாவிலதானெண்ணு கண்டு அந்த ஓஹியோக்காரன் என்னைக் கள்ளன்னு எழுதியிருக்கியான்.”

“வெட்டட்டும். எனக்க பேரை நீ மின்னேயே வெட்டீட்டல்லா. வேலை செய்யாதுண்ணு எழுதினது நீயா, உனக்க அப்பனா?”

அவன் தலையைக் குனிந்தான். “வேலை செய்யுமெண்ணு எழுதினா, கொண்டுபோயிட்டுச் செய்யலேண்ணு திருப்பி அனுப்புவாவ. அதுக்காக சும்மா எழுதினது.”

“ஒருதடவை பேசிப் பாக்கண்டாமா மக்கா? இந்த வீட்டில வளந்த பிள்ளை அல்லா நீ.”

ராஜையா முன்னால் வந்தார். “அதெல்லாம் கெடக்கட்டு. ஏலத்தில எடுத்தா ரூபா கெட்டணும். கெட்டுவியளா?”

“கெட்டுவேன். அந்த ரூபா ஆருக்கு?”

“உங்களுக்குத்தான். பாங்கில போடுவேண்ணு அண்ணைக்கே சொன்னேனே.”

“அப்போ நான் கெட்டியாச்சு. இந்தக் கையில இருந்து இந்தக் கைக்கு.” வலது கையை இடது கையில் அடித்துக் காட்டினாள். “கம்பெனிக்கு ஏதும் கமிஷன் உண்டெண்ணா சொல்லு, அதைத் தாறேன். பொருளைக் கொண்டா.”

சானுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. பையைத் திறந்து மைக்கை எடுத்து அவள் கையில் கொடுத்தான். ராஜையா மகனை ஒரு பார்வை பார்த்தார்.

“மைனி, நான் ஒண்ணு சொல்லுதேன். நீங்க கேக்கமாட்டிய, ஆனாலும் சொல்லுதேன். ஊரு என்ன சொல்லும்?”

“ஊரு சொல்லதை எல்லாம் இத்தற காலமும் நானாக்கும் மைக்கில சொல்லுதேன். இனியும் ஏதும் சொல்லணுமெண்ணா எங்கிட்டத்தான் வரணும்.”

பொன்னப்பன் வயரைச் சொருகினார். ஆனந்தபாய் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, மைக்கை மடியில் வைத்து முந்தானையால் துடைத்தாள். அவள் தொண்டையைச் சரிசெய்தாள். பொன்னப்பன் வண்டியைக் கிளப்பினார். ராஜையா அப்போதும் வாசலை மறித்துக்கொண்டே நின்றார்.

அவள் மைக்கை வாயருகே கொண்டுவந்தாள். அமரவிளை சந்திப்பு வரைக்கும், ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்டது.

“ராஜையா, கொறச்சு மாறி நில்லு. வண்டி எடுக்கணும்.”